தீரத் தீர மாற்றுங்கள்: உயிர்வதை இல்லாத வீட்டை நோக்கி

உயிர்வதை இல்லாமல் வாழ்வது என்று முடிவெடுத்த முதல் வாரத்தில், குளியலறை அலமாரியை அப்படியே ஒரு பையில் கொட்டிக் குப்பைக்கு அனுப்பினேன். பாதி ஷாம்பு, இரண்டே முறை போட்ட லிப்ஸ்டிக், பிரிக்காத நாலு சோப்பு. ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் போனதுதான் மிச்சம், அந்தப் பையால் ஒரு முயல்கூடப் பிழைக்கவில்லை. அந்தச் சோப்புக்காக விலங்குகள் பட்ட பாடெல்லாம் ஏற்கெனவே பட்டாகிவிட்டது. நம் கையில் இருப்பது அடுத்த முறை கடையில் எதை எடுக்கிறோம் என்பது மட்டும்தான்.

அதனால் புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே விதி இது: எதையும் தூக்கிப் போடாதீர்கள், தீரத் தீர மாற்றுங்கள்.

பழைய டைரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சமையலறை, குளியலறை, பீரோ, மருந்து டப்பா என்று நாலு பக்கம் ஒதுக்கி, வீட்டில் இருப்பதை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எத்தனை நாளில் தீரும் என்று குறியுங்கள். பால் நாளைக்கே தீரும். பற்பசை ஒரு மாதம் வரும். செருப்பு ஒரு வருடம். கல்யாணப் பட்டு தீரவே தீராது. உங்கள் திட்டமும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் நடக்கப்போகிறது. ஒன்று தீரும்போது அதன் இடத்துக்கு என்ன வந்தது, விலை என்ன, பிடித்ததா என்று பக்கத்தில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து "இந்த ஷாம்பு வேண்டாம் என்று எதற்கு முடிவு செய்தோம்" என்று குழம்பும்போது அந்த டைரி கைகொடுக்கும்.

ஒரே பெயரில் இரண்டு விஷயம்

அழகுப் பொருள்கள் பக்கம் போனால் முதலில் குழப்புவது இதுதான். விலங்குகள் மேல் சோதிக்கவில்லை என்பது ஒன்று. விலங்கிலிருந்து எடுத்த பொருள் எதுவும் உள்ளே இல்லை என்பது வேறு. இரண்டாவதைத்தான் வீகன் என்கிறோம், தமிழில் நனிசைவம். முயலிடம் சோதிக்காத லிப்ஸ்டிக்கில் தேன்மெழுகு இருக்கலாம். வீகன் என்று அச்சிட்ட கிரீமின் மூலப்பொருள் எங்கோ ஓர் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டிருக்கலாம். இரண்டுமே வேண்டாம் என்றால் இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

அட்டைகளில் ஏன் எப்போதும் முயல்? 1944-ல் அமெரிக்காவில் வந்த டிரெய்ஸ் சோதனையில், பொருளை முயலின் கண்ணில் விட்டு எரிச்சலும் புண்ணும் எவ்வளவு என்று அளந்தார்கள். பல பத்தாண்டுகளுக்கு அழகுப் பொருள்களின் பாதுகாப்பை அளந்தது இப்படித்தான். இந்தியா 2014-ல் அழகுப் பொருள்களுக்கு விலங்குச் சோதனையைத் தடைசெய்தது. வெளிநாட்டில் அப்படிச் சோதித்ததை இறக்குமதி செய்யவும் அதே ஆண்டு தடை வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் அப்படிச் சோதித்தவற்றின் விற்பனையை 2013-லேயே முழுதாக நிறுத்திவிட்டது. ஆனால் சீனா 2021 மே வரை இறக்குமதியாகும் சாதாரண ஷாம்புக்குக்கூடச் சோதனை கேட்டது, அதற்குப் பிறகுதான் நிபந்தனையோடு விலக்குக் கொடுத்தது. ஆக, இங்கே விற்பதை இங்கே சோதிக்காத நிறுவனம், வேறு சந்தைக்காக வேறு இடத்தில் சோதித்திருக்க வாய்ப்புண்டு. தாவும் முயல் முத்திரையான லீப்பிங் பன்னி, நிறுவனத்தோடு மூலப்பொருள் தருபவர்களையும் சேர்த்து விசாரித்துக் கொடுக்கப்படுவது. நிறுவனமே சொந்தமாக வரைந்துகொண்ட முயல்களும் உலவுகின்றன, அவற்றுக்கு மதிப்பில்லை.

இந்தச் சல்லடை எல்லாம் வேண்டாம் என்றால் சீயக்காய், பூந்திக்கொட்டை, பயத்தமாவு. எந்த முயலும் சம்பந்தப்படவில்லை. வாரம் ஒரு முறை சீயக்காய் தேய்த்து அலச எனக்குப் பொறுமை உண்டு, தினமும் கிடையாது. ஆகவே முத்திரை பார்த்து வாங்கிய ஷாம்பும் அலமாரியில் இருக்கிறது.

பச்சைப் புள்ளி சொல்வதும் சொல்லாததும்

உணவுப் பொட்டலத்தில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம், பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். குழந்தைக்கும் தெரியும். ஆனால் அந்தச் சைவத்துக்குள் பால், பால்பொருள், தேன், தேன்மெழுகு, அரக்கு எல்லாம் அடங்கும். சட்ட வரையறையே அப்படி. வீகன் உணவுக்கென்று எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், 2022-ல் தனி விதிமுறை கொண்டுவந்தது: பச்சைச் சதுரத்தில் ஆங்கில 'வி' எழுத்து, மேலே ஒரு குட்டி இலை. அந்த முத்திரை இருந்தால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம். எங்கள் தெரு மளிகைக் கடையில் அது உள்ள பொட்டலம் கைவிரலில் எண்ணிவிடும் அளவுதான். எனவே பின்பக்கத்தைப் படிக்கப் பழகுங்கள்.

பொடி எழுத்து முழுவதையும் படிக்கத் தேவையில்லை. பொருள்பட்டியலுக்குக் கீழே ஒவ்வாமை உள்ளவர்களுக்காக 'கன்டெய்ன்ஸ்' என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். கோதுமை, சோயா, பால், முட்டை என்று அதில் சொல்லியாக வேண்டும். முதலில் அந்த வரிக்குப் போங்கள். 'மில்க்' இருந்தால் பொட்டலத்தைக் கீழே வையுங்கள், ஐந்து விநாடி வேலை. 'மே கன்டெய்ன்' என்று தொடங்குவது வேறு. அதே இயந்திரத்தில் பால் பிஸ்கட்டும் ஓடுகிறது, துகள் ஒட்டியிருக்கலாம் என்ற எச்சரிக்கை அது. ஒவ்வாமைக்காரருக்கு முக்கியம், நமக்கில்லை.

அந்த வரியில் சிக்காதவை சில உண்டு. ஐஎன்எஸ் என்பது உணவில் சேர்க்கும் துணைப்பொருள்களுக்கான எண். ஐஎன்எஸ் 901 தேன்மெழுகு. ஐஎன்எஸ் 904 அரக்கு, அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின், மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் மேல் பளபளப்பாகப் பூசுவது. ஜெலட்டின், மாட்டெலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பது. நம் கடல்பாசி அதைவிட நன்றாக உறையும், மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரத்துப் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசியிலிருந்து வருவது. ஐஎன்எஸ் 120 கார்மைன், சப்பாத்திக்கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியைக் காயவைத்து எடுக்கும் சிவப்புச் சாயம். லிப்ஸ்டிக்கிலும் இதைத் தேடுங்கள். இந்தப் பூச்சிக்கும் சென்னைக்கும் பழைய உறவு உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர் இந்தச் சாயத்துக்காகவே சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார்.

இனிப்பின் மேல் ஒட்டும் வெள்ளித்தாளை ஒரு காலத்தில் மாட்டுக் குடலின் அடுக்குகளுக்கு நடுவே வைத்து அடித்துத்தான் மெல்லிதாக்கினார்கள். 2016 விதிப்படி அது கூடாது. தளர்வாக விற்கும் இனிப்பில் அதை யார் சரிபார்க்கிறார்கள் என்று தெரியாததால் நான் வெள்ளித்தாள் ஒட்டியதை எடுப்பதில்லை.

கறியும் முட்டையும் உள்ள வீடு

நான் கறி சாப்பிடும் வீட்டில் பிறந்தவள். அதனால் இதைச் சொல்லலாம்: கோழியும் முட்டையும் மீனும் தட்டில் இருக்கும்போது பட்டுப்புடவையைப் பற்றிக் கவலைப்படுவது தலைகீழ் வரிசை. உயிர்க் கணக்குப் பார்த்தால் ஓர் ஆடு ஒரு தெருவுக்கே வரும். ஒரு கோழி ஒரு வீட்டுக்கு ஒரு வேளை. முட்டைக் கோழியின் கூண்டுக்குள் அது சிறகை விரிக்க இடமிருக்காது. முட்டையிடாத சேவல் குஞ்சுகளைப் பொரித்த அன்றே கொன்றுவிடுவது அந்தத் தொழிலில் வழக்கம். ஆகவே முதலில் கோழி, முட்டை. வாரத்தில் இரண்டு நாள் என்று குறைத்துக்கொண்டு வந்தால் நாக்கு அவ்வளவாக முரண்டு பிடிக்காது. கறிக்குழம்பின் ருசியில் பெரும்பங்கு வதக்கலிலும் வறுத்தரைத்த மசாலாவிலும் இருக்கிறது. அதே மசாலாவைக் காளானிலோ பிஞ்சுப் பலாக்காயிலோ போட்டுப் பாருங்கள். சோயா உருண்டை மட்டும் எனக்கு இன்னும் ஒத்துவரவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் 'சைவம்' என்ற சொல்லோடு சாதியும் ஒட்டிக்கொண்டே வரும். 'வாடகைக்கு, சைவம் மட்டும்' என்ற பலகை எந்த உயிரின் மேல் உள்ள கருணையால் தொங்குகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டு வாசலில் தோல் செருப்பும், உள்ளே பட்டும், பால் பாக்கெட்டும் இருக்கும். பக்கத்து வீட்டு மீன்குழம்பு வாசனைக்கு முகம் சுளிப்பதற்காக யாரும் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

பால்: கடினமான பாடம்

பாட்டி வீட்டில் ஒரு கன்று செத்தது. ஐந்து நாள் கழித்து அதன் தோலுக்குள் வைக்கோல் திணித்து, நாலு குச்சிக் கால் வைத்து, பசுவின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பசு அதை நக்கியது. நக்க நக்கப் பால் சுரந்தது. எனக்கு ஏழு வயது, அன்று வந்த காபியில் எனக்கும் ஒரு வாய் கிடைத்தது. அதில் கொடுமை இருப்பதாக அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை, பாட்டி பசுவைத் தடவிக்கொடுத்தபடிதான் கறந்தாள்.

பால் தொழில் எங்கே இடிக்கிறது என்றால், மாடு பால் தர கன்று ஈன வேண்டும். ஈனுவதில் ஏறக்குறைய பாதி காளைக் கன்று. உழவுக்கு டிராக்டர், சினைக்கு ஊசி என்றான பிறகு காளைக்கு வேலையில்லை. கறவை வற்றிய பசுவுக்கும் எருமைக்கும் அதே நிலைமைதான். எருமைக்கறி ஏற்றுமதியில் உலகின் முன்வரிசையில் இந்தியா இருப்பதற்கும் நம் வீட்டுக் காலை பால் பாக்கெட்டுக்கும் தொடர்பு இல்லாமலில்லை.

நிறுத்துவது எப்படி? நம் சமையலில் பால் இல்லாததே அதிகம் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். இட்லி, தோசை, சாம்பார், ரசம், வத்தக்குழம்பு, பொரியல், புளியோதரை. பால் புகுவது காபியிலும் தயிரிலும் நெய்யிலும்தான். நெய் சுலபம்: பொடிக்கு நல்லெண்ணெய், பாயசத்துக்குத் தேங்காய்ப்பால். ஓட்டலில் மட்டும் உஷார். பொங்கலில் நெய், வெள்ளைக் குருமாவில் தயிரோ கிரீமோ, சில இடங்களில் பரோட்டா மாவிலும் பால்.

காபியில் தான் கண்ணீர் விட்டேன், புகுந்த வீடு கும்பகோணம். தேங்காய்ப்பாலைக் கொதிக்கவிட்டு டிகாக்‌ஷன் ஊற்றினால் திரிந்து எண்ணெய் மேலே மிதக்கும். ஓட்ஸ் பால் பொட்டலம் மாத பட்ஜெட்டைக் கடிக்கும். எனக்குச் சரிவந்தது முந்திரி. பன்னிரண்டு முந்திரியை வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, முக்கால் டம்ளர் தண்ணீர் விட்டு வெண்ணெயாக அரையுங்கள். வடிகட்ட வேண்டாம். சிறு தீயில் வைத்து, ஓரத்தில் முதல் குமிழி வந்ததும் இறக்குங்கள், கொதித்தால் கூழாகிவிடும். இறக்கிய பிறகு டிகாக்‌ஷனை மெதுவாக ஊற்றுங்கள். டிகிரி காபி ஆகாது. ஆனால் காலையில் பேப்பர் படிக்கும்போது கையில் வைத்துக்கொள்ள ஒரு காபி.

தயிருக்கு வேர்க்கடலை. ஒரு டம்ளர் பச்சை வேர்க்கடலையை இரவு ஊறவைத்து, தோலைக் கசக்கி நீக்கி, நாலு டம்ளர் தண்ணீரோடு அரைத்துத் துணியில் பிழியுங்கள். அந்தப் பாலை அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே பத்து நிமிடம் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். பத்துப் பச்சை மிளகாய்க் காம்பை, மேல் தொப்பியோடு, அதில் போட்டு மூடிவையுங்கள். எட்டிலிருந்து பத்து மணி நேரத்தில் உறையும். முதல் தயிர் நீர்த்து, கடலை வாசனையோடு இருக்கும். அதை மோர்க்குழம்புக்கு வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு கரண்டியை அடுத்த பாலுக்கு உறை ஊற்றுங்கள். மூன்றாம் முறை வரும் தயிரில்தான் தயிர்சாதம் பிசையலாம். முதல் முறையே பிசைந்து சாப்பிட்டுவிட்டு எல்லோரிடமும் "ருசியே இல்லை" என்று சொல்லித் திரிகிறவர்கள்தான் அதிகம், நானும் அதில் ஒருத்தி.

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்

பால் நிறுத்தி ஒரு வருடம் தாண்டியதும் உள்ளங்கால் அடிக்கடி மரத்துப்போனது. உட்கார்ந்த வாகு சரியில்லை என்று நினைத்தேன். இரத்தத்தில் வைட்டமின் பி12 பார்த்தால் அடிமட்டம். பி12-ஐ உண்டாக்குவது நுண்ணுயிர்கள். நம்பிக்கையாகக் கிடைக்கும் வழி கறி, மீன், முட்டை, பால், இல்லையென்றால் மாத்திரை. பழையசோற்றில் இருக்கிறது, சுருள்பாசியில் இருக்கிறது என்று வாட்ஸப்பில் வரும். அதை நம்பி இருக்காதீர்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் போதும், ஆனால் இல்லாமல் போனால் நரம்பு கெடும். பால் நிறுத்தும் வாரமே மாத்திரையைத் தொடங்குங்கள். அளவை மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் இருக்கும் வீடு என்றால் கேட்காமல் தொடங்கவே வேண்டாம்.

அந்த மாத்திரையிலும் ஒரு பொறி உண்டு. கேப்ஸ்யூலின் உறை பெரும்பாலும் ஜெலட்டின். 'எச்பிஎம்சி' என்றோ 'வெஜிடேரியன் கேப்ஸ்யூல்' என்றோ போட்டிருந்தால் தாவர நார். வெறும் மாத்திரையாக வாங்கினால் இந்தக் கவலை குறைவு. வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டுரோமத்தின் கொழுப்பிலிருந்து வருவது. கற்பாசியிலிருந்து எடுத்ததும் கிடைக்கிறது, விலைதான் கூட. கால்சியத்துக்கு நமக்குக் குறையில்லை: 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம், அதே அளவு பசும்பாலில் சுமார் 120.

பீரோ

பட்டுக்கூட்டுக்குள் இருக்கும் புழு அந்துப்பூச்சியாகி வெளியே வந்தால் கூட்டைத் துளைத்துவிடும். சுமார் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே இழையாக இருப்பது துண்டு துண்டாகிவிடும். அதனால் அது வருவதற்கு முன்பே ஆவியில் அவித்துவிடுகிறார்கள். பூச்சி வெளியேறிய பிறகு நூற்கும் அகிம்சைப் பட்டு ஒன்று உண்டு, ஆந்திரத்துக் கைத்தறித் துறை அதிகாரியாக இருந்த குசுமா ராஜையா முயன்று உருவாக்கியது. அசாமின் எரிப்பட்டுக் கூடு ஒருபுறம் திறந்தே இருப்பதால் கொல்லாமல் நூற்க முடியும். ஆனால் அங்கே அந்தக் கூட்டுப்புழு விருப்ப உணவு. எரி என்ற பெயரை மட்டும் கேட்டு வாங்கிவிடாதீர்கள்.

'காட்டன்' என்ற பெயரையும். ஒரு கண்காட்சியில் கோவை கோரா காட்டன் புடவையை ஆசையாக வாங்கி வந்தேன், விற்றவர் காட்டன் என்றுதான் சொன்னார். கோராவில் பருத்தியோடு பட்டும் சேர்த்து நெய்வார்கள் என்று நாத்தனார் சொல்லித்தான் தெரிந்தது. முந்தானை ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி, தனித்தனியாகத் தீக்குச்சியில் காட்டினாள். ஒன்று காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலானது, பருத்தி. மற்றது சுருண்டு, முடி கருகும் நாற்றம் அடித்தது, பட்டு. இழை உருகி மணிபோல உருண்டால் பாலியஸ்டர். கடையில் தீக்குச்சி உரச முடியாது. அங்கே சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். தூய பட்டு என்று உறுதி சொல்வதற்காக வைக்கும் அந்தச் சீட்டு, நமக்குத் தொடாதே என்ற சீட்டு. காரைக்குடிக் கண்டாங்கியும் மதுரைச் சுங்குடியும் அசல் பருத்தி. விசேஷத்துக்குக் கட்டினால் யாரும் குறைவாகப் பார்ப்பதில்லை, ஒரு பெரியம்மாவைத் தவிர.

ஏற்கெனவே இருக்கும் பட்டை என்ன செய்வது? நான் கட்டுகிறேன். அம்மா கொடுத்த கூறைப்புடவையை எரித்தால் எந்தப் புழு வரப்போகிறது?

இந்த இடத்தில் ருக்மிணி தேவி அருண்டேலை நினைத்துக்கொள்வேன். 1960-ல் வந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு மாநிலங்களவையில் விதை போட்டவர், விலங்குநல வாரியத்தின் முதல் தலைவர். அவர் தொடங்கிய கலாக்ஷேத்ராவின் நெசவுக்கூடம் பேர் வாங்கியதோ பட்டுப்புடவைக்கு.

செருப்புக்கு ஒரு சின்ன வித்தை. அடியிலோ நாக்கிலோ ஒட்டியிருக்கும் குறியீட்டில், விரித்த தோல் வடிவம் இருந்தால் தோல், வலைப்பின்னல் இருந்தால் துணி, வெறும் சாய்சதுரம் இருந்தால் வேறு பொருள், பெரும்பாலும் ரெக்சின். ரெக்சின் பிளாஸ்டிக்தான், அதிலும் குற்றவுணர்ச்சி உண்டு. கிழியும் வரை போடுவேன். எலும்புச் சாம்பல் கலந்த போன் சைனா கோப்பை, பன்றிமயிர் பிரஷ், குழந்தைக்கு உரசிக்கொடுக்கும் மாட்டுப் பித்தக்கல்லான கோரோசனை இவையெல்லாம் மெல்ல மெல்லக் கண்ணில் படும். அவசரமில்லை.

மருந்து

பாம்பு கடித்தால் விஷமுறிவு மருந்தைப் போட்டுக்கொள்ளுங்கள். 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் பாம்புகளைப் பிடித்து விஷம் எடுத்துக் கொடுக்கிறது. அந்த விஷத்தைச் சிறு அளவில் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து எடுப்பதுதான் மருந்து. இதற்கு மாற்று நம் கையில் இல்லை. 1944-ல் இங்கிலாந்தில் தொடங்கிய வீகன் சங்கம் தன் வரையறையிலேயே 'இயன்ற வரை, நடைமுறைக்கு ஒத்த வரை' என்று எழுதி வைத்திருக்கிறது. சர்க்கரை மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை எதையும் இதற்காக நிறுத்தாதீர்கள். மாற்று உறையில் கிடைக்குமா என்று கேட்கலாம், அவ்வளவுதான்.

மனிதர்கள்

கடைசியில் வைத்திருக்கிறேனே தவிர, நாளாவட்டத்தில் அதிக நேரம் பிடிக்கப்போவது இதுதான். புதுமணத் தம்பதிக்குப் பால்பழம், கிரகப்பிரவேசத்தில் பால் காய்ச்சு, ஊருக்குப் போனால் வாசலிலேயே காபி. "வேண்டாம்" என்ற ஒரு சொல் அவர்களை வேண்டாம் என்பதாகக் காதில் விழும். நான் கண்ட வழி, போவதற்கு முன்பே போனில் சொல்லிவிடுவது, அதையும் வேண்டுகோளாகச் சொல்வது: "அத்தை, எனக்குச் சுக்குக் காபி போட்டு வையுங்க, உங்க கைப்பக்குவம் யாருக்கும் வராது." பந்தியில் பிரசங்கம் செய்யாதீர்கள். கேட்டால் சொல்லுங்கள், அதுவும் சாப்பிட்டு முடித்த பிறகு. வள்ளலாரில் ஆரம்பித்தீர்களானால் பாதியில் எழுந்து கை கழுவப் போய்விடுவார்கள்.

பொங்கலுக்கு மாமியாரிடம் பேச எனக்கு இரண்டு வருடம் ஆனது. பால் பொங்காமல் பொங்கலா என்றார், நியாயமான கேள்வி. அடுத்த வருடம் அரிசி களைந்த நீரோடு தேங்காயின் இரண்டாம் பாலைச் சேர்த்துத் தனிப் பானை ஏற்றினேன். முதல் பாலை இறக்கும்போதுதான் ஊற்ற வேண்டும், முன்பே ஊற்றினால் திரியும். இப்போது வாசலில் இரண்டு அடுப்பு, இரண்டு பானை. எது முதலில் பொங்கும் என்று பிள்ளைகள் பந்தயம் கட்டுகிறார்கள். போன வருடம் என் பானை தோற்றது, விறகு ஈரம்.